லீவில் தருமபுரிக்கு நண்பரைப் பார்க்கப் போகிறீர்களா? முதன்முறை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி என்று நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தால் கல்லூரி விடுதிகள் காலியாகிவிடும். ஆனால் எல்லாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவதில்லை. பயிற்சி மருத்துவருக்கு டியூட்டி இருக்கும். இறுதியாண்டுப் பொறியியல் மாணவருக்கு ப்ராஜெக்ட் பாக்கி. சட்டம் படிக்கிறவருக்கு லீவு முடிந்த கையோடு அரியர் பரீட்சை. சிலருக்கு ஊர் வெகுதொலைவு. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் வீட்டில் இருக்கக் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அப்படித் தங்கிவிட்ட நண்பர் யாராவது தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு, "லீவுதானே, கிளம்பி வாடா" என்று கூப்பிட்டால் எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலிலேயே ஒன்று. ஒகேனக்கலைத் தவிர்த்துப் பார்த்தால் இவை சுற்றுலா ஊர்கள் அல்ல. இரவு பத்து மணிக்கெல்லாம் தருமபுரிக் கடைத்தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். பண்டிகை நாட்களில் மாணவர்கள் குடியிருக்கும் தெருக்கள் இன்னும் வெறிச்சோடிப் போகும். எனவே பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி எடுத்துக்கொண்டு வருகிறவர் இரண்டாம் நாளே கொட்டாவி விடுவார். நண்பருக்கு எப்போது நேரம் இருக்கிறது என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள், ஊரை வைத்துப் போடாதீர்கள். என் கணக்கில் இரண்டு இரவு சரியான அளவு. மூன்றாவது இரவு நண்பருக்கும் அவர் வீட்டு ஓனருக்கும் சுமை.

எந்தக் கல்லூரி, எந்தப் பக்கம்?

"தருமபுரியில் படிக்கிறான்" என்ற தகவலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். 2008-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஆட்டோவில் சில நிமிடம். ஆனால் அரசுப் பொறியியல் கல்லூரி செட்டிக்கரையில், ஊரைத் தாண்டி. பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையமும் ஊருக்கு வெளியேதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் குழப்பம். கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி என்பார்கள். அது போலுப்பள்ளியில், நெடுஞ்சாலைப் பக்கம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி 1994-இலிருந்து நடக்கிறது. அதுவும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித்தான். "ஓசூரில் படிக்கிறேன்" என்று நண்பர் சொன்னால் அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. ஆகவே நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நீ தூங்குகிற அறைக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப் எது?" கல்லூரி ஒரு பக்கமும் அறை இன்னொரு பக்கமும் இருப்பது இங்கே சகஜம். இருப்பிடத்தை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே ஸ்டாப்பின் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கண்டக்டரிடம் மேப்பைக் காட்டிப் பயனில்லை, பெயரைச் சொன்னால் இறக்கிவிடுவார்.

தேதியை நண்பரின் டியூட்டி முடிவு செய்யட்டும்

நண்பர் பயிற்சி மருத்துவர் என்றால் இதுதான் முக்கியமான படி. பண்டிகை நாளில் அரசு மருத்துவமனையில் கூட்டம் குறையாது. தீபாவளியன்று தீக்காயம், பொங்கல் சமயத்தில் எருது விடும் விழாவில் காயம்பட்டவர்கள் என்று அவசரப் பிரிவு நிறையும். சொந்த ஊர் பக்கத்தில் இருக்கிற சக பயிற்சி மருத்துவர்கள் லீவு கேட்டுப் போய்விட, தூரத்து ஊர்க்காரர்கள் தலையில் டியூட்டி சேரும். உங்கள் நண்பர் பெரும்பாலும் அந்தத் தூரத்து ஊர்க்காரர்தான்.

அதனால் அந்த வாரத்து டியூட்டி பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரவு டியூட்டி முடிந்து காலையில் வருகிறவர் மதியம் வரை தூங்க வேண்டும். அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினால் அவர் சிரித்துக்கொண்டே திறப்பார், உள்ளுக்குள் நொந்துகொள்வார். அவர் தூங்கி எழும் நேரத்துக்கு நீங்கள் வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அடுத்த டியூட்டி வரை இருக்கும் அந்த இடைவெளிதான் உங்கள் லீவு. அதற்குள் ஒகேனக்கல் அடங்குமா என்று பார்த்துக்கொண்டு மற்றதை முடிவு செய்யலாம்.

பரீட்சைக்குப் படிக்கிறவரிடம் போவதாக இருந்தால், பரீட்சைக்கு முந்தைய இரண்டு நாட்களைத் தொடவே தொடாதீர்கள். அவரே "பரவாயில்லை வா" என்றாலும்.

வருகிற வழியும் கூட்டம் வருகிற திசையும்

பஸ்ஸில் சேலத்திலிருந்து தருமபுரி சுமார் 65 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டருக்குள். இரண்டும் சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருப்பதால் பகலில் வண்டிக்குப் பஞ்சமில்லை. ஏறுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "தருமபுரி ஊருக்குள்ளே போகுமா, பைபாஸா?" நெடுந்தூர வண்டிகளில் சில ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். பகலில் அது பெரிய தொல்லை இல்லை. இரவு இரண்டு மணிக்கு மேம்பாலத்துக்குக் கீழே பையோடு நிற்பது வேறு விஷயம். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்து போகும்; அங்கே ஏதாவது விபத்து என்றால் நேரம் எக்கச்சக்கமாக இழுக்கும். நண்பரிடம் "இத்தனை மணிக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள்.

ரயில் வேண்டுமென்றால் தருமபுரிக்கு நிலையம் உண்டு, கிருஷ்ணகிரிக்குக் கிடையாது. மாவட்டத் தலைநகர் ஒன்றுக்கு ரயிலே இல்லையா என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய ரயில் பாதை இருந்தது. பிறகு அதைப் பிடுங்கியது பிடுங்கியதுதான். தருமபுரி நிலையம் சேலம்–ஓசூர்–பெங்களூரு பாதையில் வருகிறது. கோவையிலிருந்து வந்தே பாரத், எர்ணாகுளம்–பெங்களூரு இன்டர்சிட்டி, தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸ் எல்லாம் இதன் வழியாகத்தான் போகின்றன. சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் மொரப்பூரில் நிற்கும் ரயிலைப் பிடித்து இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் தருமபுரி வரலாம். கிருஷ்ணகிரிக்கு என்றால் வேலூர், வாணியம்பாடி வழியாகப் பஸ்ஸிலேயே வருவது நேர்வழி.

இனி கூட்டம். இந்த இரண்டு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போயிருப்பவர்கள் ஏராளம். பண்டிகைக்கு முந்தைய மாலை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவார்கள். பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தருமபுரி வரும் வண்டிகளில் அன்று காலூன்ற இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். மாணவர் தெரு அமைதியாக இருக்கும் அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு திருவிழாவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே நண்பரைப் பார்க்க வருகிறவர் பண்டிகையன்று காலையில் கிளம்பலாம். எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி காலியாகத்தான் வரும்.

எங்கே தூங்குவது?

விடுதியில் தங்கிவிடலாம் என்று நினைத்து வராதீர்கள். அரசுக் கல்லூரி விடுதிகளில் வெளியாட்களை இரவு தங்கவைக்க அனுமதி கிடையாது. "லீவுதானே, வார்டன் இல்லை" என்று நண்பர் சொல்லலாம். வாட்ச்மேன் இருப்பார். மாட்டினால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், பதில் சொல்லப்போவது நண்பர்தான்.

நண்பர் வெளியே அறை எடுத்திருந்தால் நிலைமை வேறு. இலக்கியம்பட்டி, செந்தில் நகர், பாரதிபுரம், பிடமனேரி என்று ஊரைச் சுற்றி மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகள் நிறைய. பெரும்பாலும் கீழே ஓனர் குடும்பம், மாடியில் பையன்கள். இதில் நீங்கள் நண்பருக்கு மட்டுமல்ல, ஓனர் வீட்டுக்கும் விருந்தாளி. நண்பர் முன்கூட்டியே, "அக்கா, ஊர்லேர்ந்து ஃப்ரெண்டு வர்றான், ரெண்டு நாள் இருப்பான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். மாடி ஏறுவதற்கு முன்னால் நீங்களும் கீழே நின்று "வணக்கம்ங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், சாப்பிட்டாயா என்று மூன்று கேள்வி வரும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பண்டிகை சமயம் என்றால் அடுத்த அரைமணியில் ஒரு தட்டு முறுக்கும் அதிரசமும் மாடிக்கு வந்துவிடும். வரும்போது ஸ்வீட் பாக்ஸ் ஒன்று வாங்கி வந்து நண்பர் கையால் கொடுக்க வைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தானே.

கவனிக்க வேண்டியது தண்ணீர். பல வீடுகளில் மோட்டார் போடுவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கான டேங்கில் நான்கு பேர் குளித்துக் காலி செய்துவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் உறவு கசக்கும். குடிப்பதற்கு எந்தக் குழாய் என்று கேட்டுக்கொண்டு குடியுங்கள். இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை விழுவதும் எலும்பு பாதிக்கப்படுவதும் இங்கே தலைமுறைகளாக இருந்துவந்த பிரச்சினை. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது. இரண்டு நாள் போர் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் உப்புச்சுவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளூர்க்காரர்கள் "ஒகேனக்கல் தண்ணி" என்று சொல்லும் குழாயைத் தேடுங்கள்.

பெண்கள் தோழியைப் பார்க்க வருவதாக இருந்தால், தனியார் பெண்கள் விடுதிகளில் ஒரு நாள் கட்டணம் வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்க விடுவதுண்டு. முந்தின நாளே கேட்டு உறுதி செய்ய வேண்டும். விடுமுறையில் விடுதிப் பொறுப்பாளர் அம்மாவே ஊருக்குப் போயிருக்கக்கூடும். மாலை கேட் மூடும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண் நண்பர்களும் பெண் நண்பர்களும் சேர்ந்த குழு என்றால், வாடகை அறையில் எல்லாரும் கூடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். அது சரியா தவறா என்ற வாதமே வேண்டாம், ஓனர் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். பேக்கரி இருக்கிறது, பூங்கா இருக்கிறது, கோயில் பிரகாரம் இருக்கிறது. இந்த ஊர்களில் இளைஞர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு பேக்கரியைவிட நல்ல இடம் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு டீயும் பப்ஸும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள்.

லாட்ஜ் எடுப்பதாக இருந்தால் ஆதார் அட்டை கையில் வேண்டும். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறையை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹாரன் சத்தத்தில் தூக்கம் வராது. தை பிறந்துவிட்டால் முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டத்துக்கே அறைகள் போய்விடும், காலண்டரைப் பார்த்துவிட்டு போன் போடுங்கள்.

மெஸ் மூடியிருக்கும், என்ன சாப்பிடுவது?

விடுமுறை தொடங்கியதும் விடுதி மெஸ் மூடிவிடும். அதைவிடச் சிக்கல், கல்லூரியைச் சுற்றியுள்ள சின்ன மெஸ்களும் தள்ளுவண்டிக் கடைகளும் சேர்ந்து மூடிவிடும். மாணவர்கள் இல்லாமல் அவர்களுக்கு வியாபாரம் ஏது? பண்டிகையன்றும் மறுநாளும் ஊருக்குள் திறந்திருப்பவை பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய ஓட்டல்களும் நெடுஞ்சாலை ஓட்டல்களும்தான். நண்பரின் அறையில் அடுப்பு இருந்தால் அரிசி, பருப்பு, முட்டை, வெங்காயம், தக்காளி எல்லாம் முந்தின நாளே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அம்மா கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் டப்பா ஒன்றும் பொடி டப்பா ஒன்றும் உங்கள் பையில் இருக்கட்டும். வாரக்கணக்கில் மெஸ் சாம்பாரில் வாழ்கிற நண்பருக்கு, நீங்கள் கொண்டுபோகக் கூடியவற்றில் இதைவிட மதிப்பான பொருள் இல்லை.

இங்கே வந்துவிட்டு பரோட்டாவும் பிரைடு ரைசும் மட்டும் தின்றுவிட்டுப் போவது அநியாயம். இது கேழ்வரகு நாடு. களி கிடைக்கும் ஓட்டல் எது என்று நண்பரைக் கேளுங்கள். சுடச்சுட உருண்டையாக வரும். கூடக் கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ நாட்டுக்கோழிக் குழம்போ. களியை மெல்லக் கூடாது. விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். முதல் முறை மென்றுபார்த்துவிட்டு முழிக்கிறவர்களை ஓட்டல்காரர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மதியம் சாப்பிடுங்கள், ராத்திரிக்குப் பசிக்காது. இந்தப் பக்கத்துத் தீனி நிப்பட். அரிசி மாவில் தட்டி எண்ணெயில் பொரித்த மொறுமொறு தட்டை வகை. காவேரிப்பட்டணம் பக்கம் போனால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மே, ஜூன் மாதத்தில் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க மாம்பழம். அந்தப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் நடக்கும். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லும் ரகம் பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சாப்பிடுவதற்கு மல்கோவா, அல்போன்சா, செந்தூரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பையில் என்ன வைப்பது

மார்கழி, தை மாதத்தில் ஒரு ஸ்வெட்டர் அல்லது கனமான போர்வை. இது மேட்டுநிலம், விடியற்காலைக் குளிர் சென்னைக்காரர்களை ஆட்டிவைக்கும், ஓசூர்ப் பக்கம் இன்னும் ஜாஸ்தி. மாணவர் அறையில் உபரிப் போர்வை இருக்காது. குளியலுக்கு மாற்றுத்துணி, துண்டு, செருப்பு. அவ்வளவுதான்.

ஒகேனக்கலுக்கு ஒரு முழு நாள்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர். டவுன் பஸ் ஸ்டாண்டும் புறநகர் பஸ் ஸ்டாண்டும் ஊர் நடுவே அருகருகே இருப்பதால் தேட வேண்டியதில்லை. பைக்கில் போகலாம் என்று நண்பர் ஆசைப்படுவார். பென்னாகரத்துக்கு அப்பால் காட்டு வழி, வளைந்து வளைந்து இறங்கும் சாலை. இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்தவர் ஓட்ட வேண்டிய சாலை அல்ல. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகலாம், என் ஓட்டு பஸ்ஸுக்கே.

கிளம்புவதற்கு முன் அன்றைய செய்தியில் ஒன்றைப் பாருங்கள்: ஒகேனக்கல்லுக்கு எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது, குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை இருக்கிறதா. தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் தடை போடும். தருமபுரியில் ஒரு சொட்டு மழை பெய்யாமல் இருக்கும், ஆனாலும் கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளிலிருந்து திறந்துவிட்டால் இங்கே வெள்ளம் வந்துவிடும். ஆடி, ஆவணியில் இப்படி நடப்பது அதிகம். தடை என்றால் தூரத்தில் நின்று அருவியைப் பார்க்கலாம், அவ்வளவே. அந்த நாளில் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று புதிதாகப் போகிறவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஜில்லாவே அங்கேதான் இருக்கும்.

காலை ஒன்பது, பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் வரிசை இப்படிப் போகட்டும். முதலில் மீன். ஆற்றோரக் கடைகளில் மீன் வாங்கி, அங்கேயே சமைத்துக் கொடுக்கும் அம்மாக்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். குழம்பா, வறுவலா, எத்தனை பேருக்குச் சோறு என்று சொல்லிவிட்டால் சமையல் கூலி இவ்வளவு என்பார்கள். மீன் விலை, மசாலா, எண்ணெய், கூலி எல்லாவற்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு பேரம் பேசினால் யாருக்கும் நன்றாக இருக்காது. சமையல் ஆகிற நேரத்தில் எண்ணெய் மசாஜ். ஆண்களுக்கு ஆற்றங்கரைப் பாறைமேலேயே உட்காரவைத்து நல்லெண்ணெயைத் தலையிலிருந்து உள்ளங்கால்வரை அடித்துத் தேய்ப்பார்கள். இரவு முழுக்க வார்டில் நின்ற நண்பருக்கு அதைப்போல மருந்து கிடையாது, அவர் எவ்வளவு பெரிய டாக்டரானாலும். அப்புறம் அருவிக் குளியல். எண்ணெய் போனபின் பசி வரும் பாருங்கள், அப்போது மீன் குழம்பு தயாராக இருக்கும்.

பரிசலைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். அரசு நிர்ணயித்த கட்டணத்தைக் கவுண்டரில் கட்டிச் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். சின்னாறு பரிசல் துறையில் "இந்தப் பக்கம் வாங்க, சீட்டு வேண்டாம்" என்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள். பரிசலில் நின்று செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். தடை இல்லாத நாளிலும் நீங்களாகக் கண்டுபிடித்த பாறைக் குழியில் இறங்காதீர்கள். மேலே அசையாமல் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும், ஒவ்வொரு வருஷமும் வெளியூர் இளைஞர்கள்தான் சிக்குகிறார்கள். குரங்குகளுக்கு முன்னால் தின்பண்டப் பையைத் திறக்காதீர்கள். திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று வந்து இறங்கியவுடனே டிரைவரையோ கண்டக்டரையோ கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

மறுநாள், தூரம் போகாமல்

ஒகேனக்கல் போய்வந்த மறுநாள் காலையில் யாரும் சீக்கிரம் எழமாட்டார்கள். எழவும் வேண்டாம். மதியத்துக்கு மேல் பக்கத்திலேயே போய்வரச் சில இடங்கள் உண்டு.

வரலாற்றில் ஆர்வம் இருந்தால் தருமபுரி அரசு அருங்காட்சியகம். இந்த மண் நடுகற்களின் மண். ஆநிரை மீட்கப் போய், புலியோடு பொருது, ஊருக்காக நின்று செத்தவர்களுக்கு நட்ட கற்கள் இங்கே வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடைத்தபடி இருக்கின்றன. சிலவற்றை அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும், போகிற நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கோட்டைப் பகுதியில் மல்லிகார்ஜுனேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே தரையைத் தொடாமல் நிற்கும் தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பது எல்லாரும் செய்யும் வேலை.

சேலம் சாலையில் அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால் அந்தப் பெயரோடு நினைவிடமும் உண்டு. அங்குள்ள காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிருங்கள். பென்னாகரம் வட்டத்தில் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர். அவருடைய நினைவிடம் இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி வருகிறவர்கள் குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேரைப் பாருங்கள். பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேர் அங்கே உண்டு.

நண்பர் இருப்பது கிருஷ்ணகிரி என்றால், அதிகாலையில் பழையபேட்டைப் பக்கம் போய் மலைக்கோட்டை ஏறலாம். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சுட ஆரம்பித்தால் நடக்க முடியாது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் போகாதீர்கள், மேலே கடை கிடையாது. மாலைக்கு கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை. தென்பெண்ணையின் குறுக்கே கட்டி, 1957-இல் காமராஜர் திறந்துவைத்த அணை. முழு நீர்மட்டம் 52 அடி. பூங்கா இருக்கிறது, வறுத்த மீனும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளிச் சந்தையை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஆடு, கோழி, தானியம், கயிறு, கத்தி, துணி என்று எதற்கெடுத்தாலும் ஒரு வரிசை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே கடையில் காதில் விழும். சீக்கிரம் போனால்தான் சந்தை.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை, மற்ற வண்டிகளில் உண்டு. பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

பணமும் திரும்பும் நாளும்

நண்பர் மாணவர் என்பதை மறந்துவிடக் கூடாது. "நீ என் ஊருக்கு வந்திருக்க, நான்தான் கொடுப்பேன்" என்று பர்ஸை எடுப்பார். மூன்று நாள் கழித்து அடுத்த மாதம் வரை அவர் எப்படி ஓட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியவராது. ஒகேனக்கல் செலவு முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொண்டு, ஊருக்குள் டீயையும் டிபனையும் அவருக்கு விட்டுவிடுங்கள். அவருக்கும் கௌரவம் குறையாது. கிளம்புவதற்கு முன் அறையைப் பெருக்கிவிட்டு, ஓனர் வீட்டில் "போய்ட்டு வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.

திரும்பும் நாளும் கூட்டக் கணக்குதான். காணும் பொங்கலுக்கு மறுநாளும், தீபாவளிக்குப் பின் வரும் ஞாயிறு மாலையும் பெங்களூர், சென்னைத் திசை வண்டிகள் தருமபுரிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். முன்பதிவு செய்திருந்தால் பிரச்சினை இல்லை. செய்யாதவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் கிளம்புங்கள், அல்லது திங்கள் விடியற்காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். அதிலும் இடம் கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டில் மணிக்கணக்கில் நிற்காமல், எதிர்த்திசை என்றாலும் சேலம் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். சேலத்தில் வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும்.